சாய்வு நாற்காலியின் அடிப்பக்கம்

ஒரு நாற்காலியைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதில் உட்காருவதற்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் நாலு பேர் பார்ப்பதற்காக இழைத்தது. பாலீஷ் ஏறியது, தினமும் துடைக்கப்பட்டது, விற்பனைக்கு வரும்போது மறுபடியும் பாலீஷ் ஏறுவது. அடிப்பக்கத்தை யாரும் சீண்டுவதில்லை. ரம்பம் ஓடிய தடம், உளி இறங்கிய வெட்டு, எந்தக் கால் எந்தச் சட்டத்தோடு சேர வேண்டும் என்று ஆசாரி தனக்காகப் போட்டுக்கொண்ட ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும் சாய்வு நாற்காலிகளைப் பல வருடங்களாக இப்படிக் கவிழ்த்துப் பார்த்துவருகிறேன். அவற்றைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதவில்லை என்ற ஆதங்கம்தான் இந்தக் கட்டுரை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட நாற்காலிகளுக்கு இன்று உலகம் முழுக்க மவுசு. 1956இல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி அமெரிக்காவில் செய்த தோல் மெத்தை வைத்த சாய்வு நாற்காலி, டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் செய்த வட்ட நாற்காலி, சண்டிகரின் அலுவலகங்களுக்காகப் பியேர் ழான்னரே வரைந்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் இவையெல்லாம் ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விலைபோகின்றன. அதே பத்து இருபது வருடங்களில் காவிரிப் படுகையின் தச்சுப் பட்டறைகளிலும் சாய்வு நாற்காலிகள் செய்யப்பட்டன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது, வரைபடம் கிடையாது. அதனாலேயே அவை பழைய சாமான் என்ற கணக்கில் எடைக்கும் பேரத்துக்கும் போகின்றன. என் கட்சி இதுதான்: அந்தப் பெயர்பெற்ற நாற்காலிகளைப் பார்க்கப் பழகிய கண்ணோடு இவற்றைப் பார்த்தால், இவை அவற்றுக்குப் பங்காளிகள் என்பது தெரியும். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். அந்த நாற்காலிக்கு எதிரே நின்றது யார் என்பதை.

டெல்டா வீடுகளுக்கு நாற்காலி தாமதமாகத்தான் வந்தது. வெளியே திண்ணை இருந்தது, சாப்பிட மணை இருந்தது, கூடத்தில் ஊஞ்சல் இருந்தது, படுக்கக் கோரைப்பாய் இருந்தது. முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருக்க ஒரு தனிச் சாமான் வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரத் துரைமார் வழியாக வந்தது. பொதுப்பணித் துறையின் பயணியர் விடுதிகளிலும் ரயில் நிலைய ஓய்வறைகளிலும் கிடந்த நீட்டுக் கை நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் மிராசுதார்கள் தங்கள் ஆசாரியிடம் அதே மாதிரி ஒன்று கேட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். கேட்டவர் கையில் படம் இல்லை. ‘இத்தனை உயரம், இப்படிச் சாய்வு’ என்று கையால் காட்டியிருப்பார். ஆசாரி தனக்குத் தெரிந்த தேர், வண்டி, ஏர், நிலைக்கதவு இவற்றின் பொருத்துகளைக் கொண்டு அதைச் செய்துகொடுத்தார். இந்த இடத்தில்தான் அது துரையின் நாற்காலி என்ற நிலை மாறி இந்த ஊர்ச் சாமானாகிறது.

இரண்டு வகை உண்டு. முதலாவது துணி ஈஸிசேர். இதைவிடச் சிக்கனமான ஒரு மரச்சாமானை நான் பார்த்ததில்லை. இரண்டு நீள்சதுரச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து இரும்பு ஆணியில் திரும்பும். மூன்றாவதாக ஒரு சின்னச் சட்டம் பின்னால் முட்டுக் கொடுக்கும். கீழ்ச் சட்டத்தின் பின்பாதியில் மூன்று அல்லது நான்கு பல் வெட்டியிருக்கும். முட்டு எந்தப் பல்லில் விழுகிறதோ அதற்கேற்ற சாய்வு. கித்தான் துணியின் இரண்டு முனைகளையும் மடித்துத் தைத்து, அந்த மடிப்பைச் சட்டத்தின் இடுக்கு வழியாக நுழைத்து, மறுபக்கம் ஓர் உருண்டைக் கம்பைச் செருகினால் போதும். ஆள் உட்கார உட்காரத் துணி இறுகிக்கொள்ளும். துணியை மாட்டப் பசை வேண்டாம், ஆணி வேண்டாம். துணி அழுக்கானால் கம்பை உருவி வெளுக்கப் போட்டுவிடலாம். வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கம்பை உருவிவிட்டு ஒளிந்துகொள்வதும், அது தெரியாமல் உட்கார்ந்த பெரியவர் தரையில் விழுந்து கத்துவதும் டெல்டாவில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த கதை. பல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நசுங்கிய வலியும் தெரிந்ததுதான்.

இதில் நான் வியப்பது வளைவைத்தான். முதுகின் வளைவை ஆசாரி மரத்தில் செதுக்கவில்லை. உட்காருபவரின் எடையே துணியில் அந்த வளைவை வரைகிறது. ஒல்லியானவருக்கு ஒரு வளைவு, தொந்தி வைத்தவருக்கு வேறொரு வளைவு. 1938இல் புவனோஸ் ஐரஸ் நகரத்தில் மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள் இரும்புக் கம்பியை வளைத்து, அதன் மேல் தோலைத் தொங்கவிட்டு ஒரு நாற்காலி செய்தார்கள். பட்டாம்பூச்சி நாற்காலி என்று உலகப் புகழ்பெற்ற அதன் சூட்சுமமும் இதேதான்: தொங்குகிற ஒரு பரப்பு, அதைத் தாங்குகிற ஓர் எலும்புக்கூடு. அது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது. நம்முடையது பரணில் ஏறியது.

இரண்டாவது வகை பிரம்பு நாற்காலி. இதற்குச் சாய்வு மாறாது. இருக்கையின் முன்விளிம்பு உயர்ந்தும் பின்பக்கம் இறங்கியும் இருக்கும். தலை வைக்கிற இடம் வரை ஒரே பிரம்புப் பின்னல். கைச்சட்டம் ஒரு காப்பி டம்ளரும் டபராவும் வைக்கிற அகலம். அந்தச் சட்டத்துக்கு அடியில் இன்னொரு பலகை ஒளிந்திருக்கும். அதை முன்னால் திருப்பினால் கை இரண்டு மடங்கு நீளும். அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். வியர்த்துக் கொட்டும் சித்திரை மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தாழ்வாரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பின்னலின் எட்டு மூலைக் கண்கள் வழியாகக் காற்று முதுகுக்கு வரும். பஞ்சு மெத்தையோ ரெக்சினோ இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் கொஞ்சமும் ஆகாது.

மரம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு பெரிய கதை. படுகை நெல் விளையும் மண். காட்டு மரத்துக்கு அங்கே இடம் ஏது? வசதியான வீடுகளுக்குப் பர்மா தேக்கு கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியது. இன்னும் வசதியானவர்கள் மேற்கு மலையிலிருந்து ஈட்டி மரம் வரவழைத்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்குக் கொல்லைப்புறத்துப் பூவரசு இருந்தது, பலா இருந்தது, வேம்பு இருந்தது. பூவரசை இளப்பமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அதன் காழ் இறுகியது, சிவப்பும் பழுப்பும் கலந்த அழகான நிறம் கொண்டது, வளைவை நன்றாகத் தாங்குவது. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயை ஊரில் புது ஆறு என்பார்கள். அதன் கரைகளில் பிற்பாடு வனத்துறை வரிசையாகத் தேக்கு வளர்த்தது. தண்ணீரைக் குடித்து வேகமாக வளர்ந்த மரம் என்பதால் அதன் வளையங்கள் அகலமாக இருக்கும். பர்மா தேக்கின் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். சட்டத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அடிப்பக்கத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் பர்மா தேக்கில் எண்ணெய்ப் பசையும் தோல் வாடையும் இன்றைக்கும் எழும்.

காலத்தைக் கண்டுபிடிக்க இன்னும் சில தடயங்கள் உண்டு. மரம் நெடுக அநேகமாகச் சுருங்காது. குறுக்கே சுருங்கும்போதும் வளையங்களின் போக்கில் அதிகமாகவும், வளையங்களுக்குக் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். அதனால் கடைசல் பிடித்த உருண்டைக் காலும் குறுக்குக் கம்பும் காலப்போக்கில் மிக லேசாக முட்டை வடிவத்துக்குப் போய்விடும். காலிப்பரை வைத்து இரண்டு பக்கம் அளந்தால் தெரியும். இதைப் போலியாகச் செய்வது எளிதல்ல. திருகாணியின் தலையில் ஒரே கோடு இருந்தால் பழசாக இருக்கலாம். கூட்டல் குறி இருந்தால் அது பிற்காலத்து ரிப்பேர், அல்லது நாற்காலியே பிற்காலத்தது. நல்ல ஆசாரியின் வேலையில் பெரும்பாலும் திருகாணியே இருக்காது. துளையும் கழுந்தும், குறுக்கே இறங்கிய ஒரு மர ஆணியும்தான். பிரம்பில் பார்க்க வேண்டியது பின்னல் சட்டத்தைச் சந்திக்கும் விளிம்பு. கையால் பின்னியதானால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒவ்வோர் இழையும் அதில் இறங்கி ஏறும். அடியில் பார்த்தால் அந்தத் துளைகளின் இடைவெளி சற்று ஒழுங்கில்லாமல் இருக்கும், பலமுறை பின்னல் மாற்றியதால் சில துளைகள் அகன்றிருக்கும். மிஷினில் நெய்த பிரம்புத் தகடானால் சட்டத்தில் ஒரு காடி வெட்டி அதில் தகட்டைச் செருகி, மேலே ஒரு குச்சியை வைத்து அடைத்திருப்பார்கள். துளையே இராது.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பட்டறை. அங்கே ஒரு வயதான ஆசாரி எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பழைய துணி ஈஸிசேர் ஒன்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு, “பல்லைத் தடவிப் பாருங்க தம்பி” என்றார். “நடுப்பல்லு மட்டும் மழுங்கியிருக்கு பாருங்க. ஒரே ஆளு, ஒரே சாய்வு. கட்டைப் பிரம்மச்சாரியோ, இல்ல வீட்டுல யாரையும் அதுல உக்கார விடாத மனுசனோ. எல்லாப் பல்லும் தேஞ்சிருந்தா அது பெரிய குடும்பத்து நாற்காலி.” பிறகு கைச்சட்டத்தின் வலது முனையைக் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மரம் பள்ளமாகி, கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. இடது கையில் அப்படி இல்லை. “இந்தக் கையை ஊணித்தான் எழுந்திருச்சிருக்காரு” என்றார். உண்மையான தேய்மானம் இப்படி ஒருபக்கமாகத்தான் இருக்கும். உப்புத்தாள் போட்டு உண்டாக்கிய பழமை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும். அது ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர்பெற்ற நாற்காலிகளுக்கும் இந்தக் கண்தான் தேவை. சண்டிகர் நாற்காலிகளின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரரான ழான்னரே 1951இல் வந்து 1965 வரை அந்த நகரத்திலேயே இருந்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்த பிறகு அவர் சாம்பல் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் அவரும் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்துகொடுக்க, உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். பிறகு அவை உடைந்தன, அலுவலக மாடிகளில் மழையில் நனைந்தன, கழிவுச் சாமான் என்று அரசே ஏலம் விட்டது. ஐரோப்பிய வணிகர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே விலை ஏறிய பிறகுதான் இங்கே கண் திறந்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை போட்டது. அந்த நாற்காலிகளை அடையாளம் காட்டுவது பின்சட்டத்தில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய அலுவலகப் பெயரும் எண்ணும். இப்போது அந்த எழுத்தையும் போலியாக எழுதுகிறார்கள். நம் ஊர் தாலுகா ஆபீஸ் நாற்காலிகளிலும் இதே மாதிரி வெள்ளை எண்ணைப் பார்த்திருப்போம். ஒரு குமாஸ்தா இருப்புப் பதிவேட்டுக்காக எழுதிய எண், இன்னொரு கண்டத்தில் கலைப்பொருளின் சான்றிதழாக மாறியிருக்கிறது.

ழான்னரே இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இந்தியா அவரிடம் போயிருந்தது. 1928இல் அவரும் லெ கொர்புசியேயும் ஷார்லொட் பெரியாண்டும் சேர்ந்து இரும்புக் குழாயில் செய்த சாயும் முதுகு நாற்காலிக்கு மூலம், இந்தியாவில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் வைத்திருந்த மடக்கு நாற்காலி. ராணுவப் பொறியியல் படை இருந்த ரூர்க்கி நகரத்தின் பெயரால் அதை ரூர்க்கி நாற்காலி என்பார்கள். டென்மார்க்கின் காரே க்ளிண்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலியும் அதன் வழிவந்ததுதான். க்ளிண்ட்தான் டேனிஷ் மரச்சாமான் மரபுக்கு ஆசான். ஆக, நவீன ஐரோப்பாவின் உட்காரும் பாணியில் ஒரு பகுதி, நம் வெயிலில் வெள்ளைக்காரன் உட்கார்ந்த பாணி.

டென்மார்க் என்றால் படுகைக்காரர்களுக்கு முதலில் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனியர்கள், 1845இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் கோட்டைக்கும் வெக்னரின் நாற்காலிக்கும் நேர் உறவு எதுவும் இல்லை. ஆனால் டென்மார்க்குக்கும் படுகைக்கும் தேக்கு மரம் என்ற ஒரு பொதுச் சொந்தம் உண்டு. 1897இல் கோபன்ஹேகனில் தொடங்கிய கிழக்காசியக் கம்பெனி சயாம் காடுகளிலிருந்து தேக்கு வெட்டி விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய டேனிஷ் நாற்காலிகளின் புகழ் பெருமளவுக்கு அந்தத் தென்கிழக்காசியத் தேக்கின் மேல் எழுந்ததுதான். 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதியபோது உட்காரப் போட்டிருந்தது வெக்னரின் வட்ட நாற்காலி. அதன் கைச்சட்டம் முதுகோடு சேரும் இடத்தில் மரம் திரும்புகிற விதத்தைப் படங்களில் பார்த்தவர்கள், நல்ல டெல்டா ஈஸிசேரின் கைச்சட்டம் பின்காலோடு சேரும் இடத்தை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் தச்சன் அவசரப்படவில்லை.

இன்னும் பக்கத்தில் வருவோம். கொள்ளிடத்துக்கு வடக்கே, புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பில் 1937இல் வேலை தொடங்கியது. அவரிடம் வேலைபார்த்த ஜார்ஜ் நகஷிமா கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்து, ஆசிரமவாசியாகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதி அறைகளுக்கு அவர் செய்வித்த தேக்குச் சாமான்கள்தாம், பின்னாளில் அமெரிக்காவின் பெரும் தச்சுக் கலைஞராக அறியப்பட்ட ஒருவரின் ஆரம்பகால வேலைகள். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து மரச்சாமான் வடிவமைத்துக் கொடுத்தார். நகஷிமாவின் நாற்காலிகளில் எனக்குப் பிடித்த விஷயம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தன் பெயரை எழுதாமல், அதைச் செய்யச் சொன்னவரின் பெயரைக் கறுப்பு மையால் அங்கே எழுதிவைப்பது அவர் பட்டறையின் வழக்கம். நம் ஊரிலும் சில ஈஸிசேர்களின் பின்சட்டத்தில் உளியால் வெட்டிய எழுத்துகள் உண்டு. வீட்டுக்காரரின் தலைப்பெழுத்து, சில நேரம் அப்பா பெயரும் சேர்த்து. ஆசாரியின் பெயர் எதிலும் இல்லை. நகஷிமா தானாக விரும்பி விட்டுக்கொடுத்ததை நம் ஆசாரியிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள தூரம்.

அந்தத் தூரத்தைச் சாதியையும் நிலத்தையும் பேசாமல் கடக்க முடியாது. நீட்டுக் கை நாற்காலியை வாசல் பார்த்துப் போட்டு, கையைத் திருப்பி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் உள்ளங்கால் இரண்டும் எதிரே வருகிறவரின் முகத்துக்கு நேராக இருக்கும். கூலி கேட்க வந்த பண்ணையாள் வாசலுக்குக் கீழே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. மலைத்தோட்டத்துத் துரைக்குக் களைப்பாற என்று செய்த வடிவம் இங்கே அதிகாரத்தின் ஆசனமாகப் பொருந்திப்போனது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக நடப்பில் இருந்த பண்ணைகள் இவை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் அவர் தோழர்களும் சேரிகளில் சங்கம் கட்டியபோது ஆரம்பித்த சண்டை, 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தப் பகுதியிலிருந்து வரும் ஒரு நாற்காலியின் மரத்தையும் பின்னலையும் நான் ரசிக்கிறபோது இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். ரசனையை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைச் செய்த கை உட்கார்ந்தவரின் கை அல்ல. ஆசாரியும் அந்த வீட்டில் நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு, நின்றுகொண்டேதான் கூலி வாங்கினார்.

நாற்காலிகள் வீட்டை விட்டு வெளியேறியதற்கும் நிலம்தான் காரணம். 1961 நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆனது. பினாமியில் தப்பியது போக, மிச்சம் பாகப்பிரிவினையில் சிதறியது. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அடுக்குமாடி வீட்டுக் கதவில் நீட்டுக் கை நாற்காலி நுழையாது. தோப்பில் முஹம்மது மீரான் 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ நாவலில், நொடித்துப்போன ஒரு குமரிக் கடற்கரைக் குடும்பம் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடுவதைக் காட்டினார். படுகையிலும் அப்படி விற்ற வீடுகள் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காலிசெய்து கொடுக்கிறவர் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்ட வீடுகள் அதைவிட அதிகம். அவை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கும் புதுச்சேரிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கும் போய்ச் சேருகின்றன. நூறு வயது ஆனால்தான் 1972 தொல்பொருள் சட்டத்தின் கண்ணில் படும். 1940களின் ஈஸிசேருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

வீட்டில் அதன் இடத்தைப் பிளாஸ்டிக் நாற்காலி பிடித்தது. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவின் நவீன வடிவமைப்பாளர்கள் பலர் சாதாரண மக்களுக்கு மலிவாக நல்ல இருக்கை கொடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் நாற்காலிகள் கடைசியில் பணக்காரர் வீட்டுக்குப் போயின. கல்யாணப் பந்தலிலும் டீக்கடை வாசலிலும் தெருக்கூட்டத்திலும் எல்லாரையும் ஒரே உயரத்தில் உட்கார வைத்தது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான். அது உடம்புக்குக் கெடுதல், பார்க்க அழகில்லை, வெயிலில் வெடிக்கும். ஆனாலும் அந்த ஒரு காரியத்தை அது செய்தது. 1958இல் ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் லோட்டா என்ற சொம்பைத் தூக்கிவைத்துப் பாராட்டினார்கள். எத்தனையோ கைகள் தலைமுறை தலைமுறையாகத் திருத்திச் செய்த வடிவம் என்பது அதன் சாரம். அவர்கள் ஒரு மதியம் மன்னார்குடிப் பக்கம் வந்து துணி ஈஸிசேரில் சாய்ந்திருந்தால் லோட்டாவுக்கு அடுத்த பத்தியில் அதுவும் ஏறியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வாங்கி விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மிஷின் வைத்து உப்புத்தாள் போடாதீர்கள். தலை எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தையும், வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிய கைச்சட்டத்து வெளுப்பையும் சுரண்டி எடுத்துவிட்டு மேலே வால்நட் சாயம் பூசிய நாற்காலிகளை நிறையப் பார்க்கிறேன். மரம் இருக்கிறது, ஆள் போய்விட்டார். எந்த ஊர், எந்தத் தெரு, எப்போது வாங்கியது, எந்த மரம் என்று ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டினால் போதும். பிரம்பு போயிருந்தால் மிஷின் தகட்டைச் செருகாமல் கையால் பின்னச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லை என்பது பொய். சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தைக்கால். சாலையோரம் பிரம்பு ஊஞ்சலும் கூடை நாற்காலியும் தொங்கும் கடைகள். பிரம்பு வெளியூரிலிருந்து வருகிறது, வேலை அங்கேயே நடக்கிறது. ஈரத் துணியில் சுற்றிவைத்த இழையை ஒரு பெண் பல்லால் ஒருமுறை கவ்வி இழுத்து, சட்டத்துத் துளையில் இறக்கி, சிறு ஆப்பு வைத்து இறுக்கியதை அங்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். குறுக்கிழை இரண்டு, நெட்டிழை இரண்டு முடிந்து மூலைவிட்டம் ஓட ஆரம்பித்ததும் சதுரக் கண்கள் ஒவ்வொன்றாக எட்டு மூலைக்கு மாறின.

போன தை மாதம் அந்தக் கும்பகோணத்துப் பட்டறைக்குப் போயிருந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் காலனியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவர் அப்பா பண்ணையாளாக இருந்தவர். புது ஈஸிசேர் ஒன்று செய்ய வேண்டும் என்றார். ஆசாரி வழக்கம்போலக் குட்டைக் கை வைத்த மாதிரியைக் காட்டினார்.

“இந்தக் காலத்துல நீட்டுக் கை யாரு சார் கேக்குறா? எடத்த அடைக்கும். மரமும் கூட ஆவும்.”

“நீட்டுக் கைதான் வேணும் ஆசாரி. திருப்புற மாதிரி பலகையோட. என் காலுக்கு அளவெடுத்துக்குங்க.”

ஆசாரி டேப்பை எடுத்து முழங்காலிலிருந்து குதிகால் வரை பிடித்து, கிடந்த பலகைத் துண்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். புது ஆத்துத் தேக்கா, பழைய உத்திரத்தை அறுத்த பர்மாத் தேக்கா என்று கேட்டார். இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு, வீட்டுக் கொல்லையில் விழுந்த பூவரசு மரம் ஒன்று அறுத்துக் காயப்போட்டபடி கிடக்கிறது, அதையே கொண்டுவந்து தரட்டுமா என்றார் ஆசிரியர். கிடந்து எத்தனை மாசமாச்சு, பட்டை உரிச்சாச்சா, நிழலில்தானே கிடக்கிறது என்று ஆசாரி விசாரித்தார். பிறகு, பிரம்பு தைக்காலிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார்.